வாசகர் கேள்வி பதில்: "தலைமையை எடுங்கோ எண்டு கேக்கினம், போகட்டோ?"

இந்த முறை வந்த கடிதங்களில ஒண்டுக்கு நீளமா பதில் எழுத வேண்டியிருக்கு. அதோட ஒட்டின மாதிரி இன்னும் நாலு கடிதமும் வந்திருந்தது, அதால எல்லாத்தையும் ஒண்டாவே போடுறன். சமையல், வீட்டுக்கடன் எண்டு கேட்ட ஆக்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கேள்வி (கொக்குவில் வாசகர்): நான் 31 வருசம் அரச நிர்வாகத்தில வேலை செய்து ஓய்வு பெற்றனான், வயசு 62. ஒரு கட்சியிலயும் உறுப்பினரா இருந்ததில்லை, மேடை ஏறிப் பேசினதுமில்லை. போன மாசம் ஒரு தமிழ்க் கட்சியில இருந்து நாலு பேர் வீட்ட வந்தவை. கட்சி விழுந்துபோய்க் கிடக்கு, உள்ளுக்க ஆளையாள் இழுபடினம், நீங்கள் பொதுவான ஆள், தலைமையை எடுங்கோ, எல்லாரும் ஒத்துக்கொள்ளுவினம், போட்டி கூட இருக்காது எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம். மனுசி வேண்டாம் எண்டுறா, மகன் போங்கோ எண்டுறான். எனக்கு உண்மையாவே இந்தச் சனத்துக்கு ஏதாவது செய்யோணும் எண்டு இருக்கு. போகட்டோ?

பதில்: ஐயா, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். போங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், ஆனா அந்த நாலு பேர் காட்டின வழியால போகாதீங்கோ. போட்டி இருக்காது எண்டு அவை ஏதோ நல்ல செய்தி மாதிரிச் சொல்லிப்போட்டுப் போயிருக்கினம், எனக்கெண்டா அந்த இடத்திலதான் பயம். போட்டியில்லாமக் கிடைக்கிற கதிரையில இருந்தா உங்களுக்கு ஆர் ஆதரவு ஆர் எதிர்ப்பு எண்டு உங்களுக்கே தெரியாது, எதிர்ப்பா இருக்கிற ஆள் இப்ப ஒண்டும் கதைக்காமப் பின் வாங்கில இருப்பார், ஒரு வருசத்தில ஏதும் பிரச்சினை வரேக்கதான் எழும்புவார், உங்களை ஆர் தெரிவு செய்தது எண்டு அப்ப கேட்டா நீங்கள் எடுத்துக் காட்டுறதுக்கு ஒரு வாக்கும் கையில இருக்காது.

இது எங்களுக்குப் புதுசில்லைத் தானே. 2013ல வடக்குக்கு எண்டு முதல்முதலா மாகாணசபைத் தேர்தல் வருது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குள்ள கனபேர் மாவை சேனாதிராசா அண்ணைதான் முதலமைச்சர் வேட்பாளர் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவை, கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் விக்னேஸ்வரனைக் கொண்டுவந்து நிப்பாட்டினவர். அரசியலுக்கு முழுக்கப் புது ஆள். செப்டெம்பர் 21ம் திகதி தேர்தல், 38 ஆசனத்தில 30 கூட்டமைப்புக்கு, அவருக்கு மட்டும் ஒரு லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல விருப்பு வாக்கு. அண்டைக்கு எங்கட வாக்களிப்பு நிலையத்தில வயசுபோன அம்மாமார் விடியவே வந்து வரிசையில நிண்டதை நான் மறக்கேல்லை. வெளியால இருந்து வாற நல்ல பேர் உள்ள ஒரு ஆள் சனத்தை எழுப்பிக்கொண்டு வருவார் எண்டதுக்கு இதைவிட ஆதாரம் எனக்குத் தேவையில்லை.

ஆனா நாலு வருசம் போகேல்லை. 2017 ஜூன்ல அமைச்சர்மார் மேல விசாரணை, ரெண்டு பேரைப் பதவி விலகச் சொன்னது, அதுக்கு எதிரா அவரைக் கொண்டுவந்த கூட்டமைப்பின்ர உறுப்பினர்களே அவருக்கு எதிரா நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தது, சனம் அவருக்காக வெளிக்கிட்டது, பேந்து பிரேரணையைத் திருப்பி எடுத்தது எண்டு எல்லாம் அடுத்தடுத்து நடந்தது. 2018 ஒக்டோபர்ல சபையின்ர காலம் முடிஞ்ச அண்டைக்கே அவர் தனிக் கட்சி அறிவிச்சார். இதில ஆர் சரி ஆர் பிழை எண்டு நான் இந்தப் பக்கத்தில தீர்ப்பு எழுத வரேல்லை, ரெண்டு பக்கத்திலயும் நான் மதிக்கிற ஆக்கள் இருக்கினம். நான் பார்த்தது என்னெண்டா, அவருக்குச் சனத்திட்ட இருந்து நேர வந்த பலம் இருந்தது, கட்சிக் கிளைகளில இருந்து வந்த பலம் இருக்கேல்லை, சபையில இருந்த உறுப்பினர்களுக்கு அது மாறிக் கிடந்தது, ரெண்டையும் இணைக்கிறதுக்கு நடுவில ஆளில்லை. மாகாணசபை எண்டு ஒண்டு முதல்முதலாக் கையில வந்த அந்த அஞ்சு வருசத்தில பாதி இதிலயே போட்டுது. எனக்கு இப்பவும் அது மனசில கிடந்து அரிக்குது.

அதுவும் அது முதலமைச்சர் பதவி ஐயா, உங்களிட்டைக் கேக்கிறது கட்சித் தலைமை. ரெண்டும் வேற வேலை. கட்சித் தலைவருக்கு முக்கால்வாசி வேலை வெளியால தெரியாது. எந்த மூலக்கிளை, ஊர்மட்டக் கிளை, இயங்குது எது பேருக்கு மட்டும் இருக்கு, வேட்பாளர் பட்டியல்ல ஆரைப் போடுறது ஆரை விடுறது, தேசியப்பட்டியல் ஒண்டு கிடைச்சா அது ஆருக்கு, போஸ்டர் அடிச்ச கடனை ஆர் கட்டுறது, இரவு பத்து மணிக்கு ஒரு கிளைச் செயலாளர் கோல் எடுத்து மற்றவரைப் பற்றி ஒரு மணித்தியாலம் குறை சொல்லுவார், அதையும் கேக்கோணும். நீங்கள் 31 வருசம் நிர்வாகத்தில இருந்தபடியா கோப்பு, கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா அங்க உங்களுக்குக் கீழ இருந்த ஆக்கள் சம்பளத்துக்கு வந்தவை, சொன்னாச் செய்தவை. இஞ்ச ஒருத்தருக்கும் சம்பளமில்லை, மனம் நொந்தா அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டினம், அவ்வளவுதான்.

எங்கட ஊர்ச் சனசமூக நிலையம் ஒருக்கா இப்பிடித்தான் படுத்துக் கிடந்தது. பேப்பர் எடுக்கக் காசில்லை, கூரை ஒழுக்கு, ரெண்டு பகுதியாப் பிரிஞ்சு ஒரு பகுதி வந்தா மற்றப் பகுதி வராது. ஊருக்கு வந்து குடியேறின ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருத்தரைத் தலைவராப் போடுவம் எண்டு கேட்டினம். அந்த மனுசன் இப்ப வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு, சாதாரண உறுப்பினராச் சந்தாவைக் கட்டிப்போட்டு, ஆறு மாசம் பின்னேரத்தில வந்திருந்து பேப்பர் படிச்சார், ரெண்டு பகுதியோடயும் கதைச்சார், சிரமதானத்துக்கு மண்வெட்டியோட வந்தார். அடுத்த பொதுக்கூட்டத்தில ஒருத்தர் எதிர்த்து நிண்டவர், மனேஜர் வெண்டவர், தோத்த ஆளைக் கூப்பிட்டுப் பொருளாளராப் போட்டார். கூரை இப்ப ஒழுகிறதில்லை. ஊர்ச் சங்கமும் கட்சியும் ஒண்டில்லை எண்டு எனக்கும் தெரியும், ஆனா உங்கட கடிதத்தைப் பார்த்த உடன அந்த மனுசன்தான் ஞாபகத்தில வந்தவர்.

அதால நான் சொல்லுறது இதுதான். முதல்ல உறுப்பினராச் சேருங்கோ, உங்கட கொக்குவில் கிளையிலேயே சேருங்கோ. கட்சியின்ர யாப்பை வாங்கி வாசியுங்கோ. பொதுச்சபைப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கோ, ஆருக்கு வாக்கு இருக்கு ஆருக்கு இல்லை எண்டது தெளிவாகாம ஒரு தேர்தலுக்கும் போகாதீங்கோ. தமிழரசுக் கட்சிக்கு நடந்தது ஞாபகம் இருக்குத் தானே, 1949ல தொடங்கின கட்சி, தலைவருக்கு எண்டு வாக்கெடுப்பு வைச்சது 2024 ஜனவரி 21ல திருகோணமலையிலதான் முதல்தரம், சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. நான் சரியாச் சந்தோசப்பட்டன், கடைசியாக எங்கட ஆக்கள் கையுயர்த்தாம வாக்குப் போட்டுத் தலைவரைத் தெரிஞ்சினம் எண்டு. ஒரு மாசம் போகேல்லை, தெரிவு யாப்புப்படி நடக்கேல்லை எண்டு வழக்கு, நீதிமன்றத் தடை, மாநாடும் இல்லை. வாக்கெடுப்பு வைச்சது பிழையில்லை, பட்டியலை வடிவாப் பார்க்காம வைச்சதுதான் பிழை.

அதுக்குப் பிறகு, நான் தலைமைக்குப் போட்டியிடுறன் எண்டு நீங்களா வெளிப்படையாச் சொல்லுங்கோ. ஆரும் எதிர்த்து நிக்கிறதெண்டா நில்லுங்கோ எண்டும் கேளுங்கோ. அந்த நாலு பேருக்கு இது பிடிக்காமப் போனா, அவைக்குத் தேவை தலைவர் இல்லை, தங்கட சண்டைக்கு நடுவில வைக்கிறதுக்கு ஒரு ஆள் எண்டு உங்களுக்கு விளங்கும்.

உங்கட மனுசி வேண்டாம் எண்டுறதையும் சும்மா விடாதீங்கோ. அவவோட இருந்து ஒரு கேள்வியை மட்டும் கதையுங்கோ. அடுத்த தேர்தல்ல உங்கட தலைமையில கட்சி இன்னும் மோசமாத் தோத்தா, பேப்பரில எல்லாரும் உங்களை எழுதினா, அடுத்த நாள் காலமை திருப்பியும் கட்சிக் கந்தோருக்குப் போவியளோ? ஓம் எண்டா வெளிக்கிடுங்கோ. வென்றால் மட்டும்தான் இருப்பன் எண்டா இப்பவே வீட்டில இருங்கோ ஐயா, உங்களுக்கும் நல்லது, கட்சிக்கும் நல்லது.

கேள்வி (கனடா, ஸ்காபரோவில இருந்து ஒரு வாசகர்): இஞ்ச மார்க் கார்னி எண்டவர் ஒரு எலெக்சனும் நிக்காத ஆள், வந்து பிரதமராகி மூண்டு நாலு மாசத்தில செத்துக்கொண்டிருந்த லிபரல் கட்சியைத் தூக்கி நிறுத்திப்போட்டார். ஊரில இருக்கிற கட்சியளுக்கும் அப்பிடிப் படிச்ச, உலகம் தெரிஞ்ச ஒராளைக் கொண்டுவந்தால் என்ன? உறுப்பினராச் சேர், கிளைக்குப் போ எண்டு இழுத்தடிக்க நேரமில்லை.

பதில்: கார்னி கதை நல்ல கதை, ஆனா அதைப் பாதியில தொடங்கக் கூடாது தம்பி. உங்கட லிபரல் கட்சி அதுக்கு முதலும் ஒரு படிச்ச ஆளைக் கொண்டுவந்ததுதான். மைக்கேல் இக்னாட்டியெவ், ஹார்வர்ட் பேராசிரியர், முப்பது வருசத்துக்குக் கிட்ட வெளிநாட்டில இருந்தவர். 2004ல கட்சிக்காரர் மூண்டு பேர் தேடிப்போய்க் கூப்பிட்டவை. (கொக்குவில் ஐயாவின்ர வீட்டுக்கு வந்தது நாலு பேர்.) 2006ல எம்பி ஆனார், அந்த வருசம் தலைமைக்குப் போட்டியிட்டுத் தோத்தார், பேந்து 2008 கடைசியில மற்ற ஆக்கள் விலகினதால போட்டியில்லாமலே கதிரைக்கு வந்தார். எதிர்க்கட்சி அவரை "சும்மா விசிற்றுக்கு வந்தவர்" எண்டு விளம்பரம் போட்டு அடிச்சது, கட்சிக்குள்ள அதுக்குப் பதில் சொல்ல ஆக்கள் பெருசா வெளிக்கிடேல்லை. 2011 மே மாசம் 77 ஆசனம் 34 ஆச்சு, கட்சி மூண்டாம் இடம், அவற்ற சொந்தத் தொகுதியும் போச்சு. அவர் திரும்பிப் படிப்பிக்கப் போட்டார்.

அந்த 34 ஆசனத்தோட கட்சி கிடக்கேக்க, 2012ல, இதே கார்னியிட்டைத்தான் போய்க் கேட்டவை. அப்ப அவர் கனடா மத்திய வங்கி ஆளுநர். நான் ஏன் சர்க்கஸ் கோமாளியா வரக்கூடாது எண்டு நிருபரிட்டைத் திருப்பிக் கேட்டுப்போட்டு, இங்கிலாந்து வங்கிக்கு ஆளுநராப் போட்டார். கட்சி அதால செத்துப்போச்சோ? இல்லை. ஏற்கனவே எம்பியா இருந்த ஜஸ்டின் ட்ரூடோ 2013ல தலைவரா வந்து ஊர் ஊராத் திரிஞ்சு 2015ல 184 ஆசனத்தோட ஆட்சிக்கு வந்தார்.

2025ல கார்னி வரேக்க நிலைமையே வேற. கட்சி ஆட்சியில இருந்தது, ஒவ்வொரு தொகுதியிலயும் ஆள் இருந்தது, சனத்துக்குக் கோபம் பெரும்பாலும் ட்ரூடோ மேல. அவர் ஜனவரியில விலகிறன் எண்டு சொல்ல, பக்கத்து நாட்டு ட்ரம்ப் வரி போடுறன், கனடாவை 51வது மாநிலமாக்கிறன் எண்டு வெருட்ட, சனம் வங்கி தெரிஞ்ச, நிதானமான ஒராளைத் தேடினது. கார்னியும் சும்மா வந்து இருக்கேல்லை, மூண்டு பேரை எதிர்த்து நிண்டவர், ஒன்றரை லட்சத்துக்கு மேல கட்சிக்காரர் வாக்குப் போட்டவை, 85.9 வீதம் அவருக்கு. ஏப்ரல் 28ல 169 ஆசனம் எடுக்கேக்க, உங்களை ஆர் தெரிவு செய்தது எண்டு கட்சிக்குள்ள ஒருத்தரும் கேக்க ஏலாது.

ஒரே கட்சி, வெளியால இருந்து வந்த ரெண்டு ஆக்கள். கட்சிக்கு உடம்பு இருந்து முகம் மட்டும் பழசாப் போயிருந்தா வெளியாள் காப்பாத்துவார். உடம்பே இல்லையெண்டா அவரால மட்டும் ஏலாது. எங்கட கட்சியளில எத்தினை மூலக்கிளை போன வருசம் ஒரு கூட்டமாவது வைச்சது எண்டு ஊருக்குக் கோல் எடுக்கேக்க கேட்டுப் பாருங்கோ. நேரமில்லை எண்டுறியள், 2009க்குப் பிறகு எத்தினை வருசம் போட்டுது தம்பி, அந்த நேரத்தில கிளைக்குப் போயிருக்கலாமே எண்டுதான் எனக்குக் கவலை.

கேள்வி (பருத்தித்துறை வாசகர்): தந்தை செல்வாவும் மலேயாவில பிறந்த, கொழும்பில வழக்குப் பேசின கிறிஸ்தவர். சைவச் சனம் அவரைத் தலைவரா ஏற்றுக்கொள்ளேல்லையா? அவர் வெளியாள் இல்லையா?

பதில்: பிறந்தது ஈப்போவில, சரி. ஆனா சின்ன வயசிலயே தெல்லிப்பழைக்கு வந்து வளர்ந்தவர். 1947ல தமிழ்க் காங்கிரசில காங்கேசன்துறை எம்பி, மலையகத் தமிழரின்ர குடியுரிமைப் பிரச்சினையில காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் ஐயாவோட முரண்பட்டு வெளிக்கிட்டு 1949 டிசம்பரில தமிழரசுக் கட்சியைத் தொடங்கினவர். அவர் விழுந்த கட்சியின்ர கதிரையைக் கேட்டுப் போகேல்லை, தானே ஒண்டைக் கட்டினவர்.

நான் தந்தை செல்வாவை, செல்வநாயகம் ஐயாவைப் பற்றி எழுதினா 1952ல நிப்பன். அந்தத் தேர்தல்ல அவர் தன்ர சொந்தக் காங்கேசன்துறையிலேயே ஐக்கிய தேசியக் கட்சியிட்டை (யூஎன்பி) தோத்தவர். கட்சிக்கே ரெண்டு ஆசனம்தான், கோப்பாயும் திருகோணமலையும். மூண்டு வயசுகூட ஆகாத கட்சி, தலைவரே வெளியால. ராணி வழக்கறிஞர், கொழும்பில நல்லா உழைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் நிண்டவர். அடுத்த நாலு வருசம் பாராளுமன்றத்துக்கு வெளியால இருந்து கட்சியைக் கிழக்குக்கும் கொண்டுபோனார், 1956ல பத்து ஆசனம். மனுசனின்ர குரல் மெல்லிசு, பேச்சாலை சனத்தை மயக்கின ஆள் இல்லை. அந்த நாலு வருசத்துக்குப் பிறகு அவர் எங்க பிறந்தவர் என்ன சமயம் எண்டு கேக்கிறதில சனத்துக்கு அர்த்தம் இருக்கேல்லை.

கேள்வி (நெல்லியடி வாசகர்): வெளியால இருந்து ஒரு ஆளைக் கொண்டுவராம ஒரு கட்சி எழும்புமோ?

பதில்: எழும்பும், கண்ணால பார்த்தனாங்கள். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தல்ல யாழ் மாவட்டத்தில ஆறில மூண்டு தேசிய மக்கள் சக்திக்குப் போச்சு, தமிழரசுக்கு ஒண்டுதான். ஆறு மாசம் கழிச்சு 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல்ல அதே தமிழரசு வடக்கில கனக்கச் சபைகளில முன்னுக்கு வந்தது. இடையில ஒரு பெரிய புது முகமும் வரேல்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் சனத்துக்குத் தெரிஞ்ச ஆக்கள் நிண்டவை, ஒழுங்கை, வாய்க்கால், தெருவிளக்கு எண்டு கேட்டா மறுமொழி சொல்லக்கூடிய ஆக்கள், அதுதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

கேள்வி (சாவகச்சேரியில இருந்து ஒரு வாசகி): நான் 19 வருசமா ஒரு கட்சியின்ர கிளையில வேலை செய்யிறன். துண்டுப்பிரசுரம் குடுத்திருக்கிறன், வாக்கெண்ணுற இடத்தில விடிய விடிய இருந்திருக்கிறன். கட்சி விழுந்த உடன ஓய்வுபெற்ற நீதிபதியைத் தேடுவம், டொக்டரைத் தேடுவம், வெளிநாட்டுக்காரரைத் தேடுவம் எண்டு ஓடினம். எங்களில ஒருத்தியையாவது கேக்கிறதில்லை. நாங்கள் என்ன, கதிரை அடுக்கிறதுக்கோ?

பதில்: தங்கச்சி, உங்கட கடிதம் வாசிச்சுப்போட்டு நான் மேல கொக்குவில் ஐயாவுக்கு எழுதினதைத் திருப்பி எடுத்துப் பார்த்தனான். அவருக்குச் சொன்னதில ஒண்டும் மாத்தேல்லை, ஆனா உங்களுக்கு ஒண்டு கூடச் சொல்லோணும்.

உங்கட கோபம் முழுக்க நியாயம். வெளியாளைத் தேடுறதுக்குப் பின்னால கனநேரம் இருக்கிறது, உள்ளுக்க இருக்கிற ஆக்களை ஆளாவே மதிக்காத புத்திதான். படிப்பு, பதவி, பேர் இருந்தாத்தான் தலைவர் எண்டு எங்கட யாழ்ப்பாணத்துச் சமூகத்துக்கு ஒரு பழக்கம் ஊறிப்போச்சு. உள்ளூராட்சியில பெண்களுக்கு 25 வீதம் எண்ட சட்டம் வந்து 2018 தேர்தல்ல நடைமுறைக்கு வந்தபிறகுதான் கனக்கக் கட்சியள் உங்களை மாதிரி ஆக்களின்ர பேரை எழுதவே தொடங்கினவை. சட்டம் சொல்லாட்டி அதுவும் நடந்திராது.

கொக்குவில் ஐயா என்ர சொல்லைக் கேட்டு உறுப்பினராச் சேர்ந்து, போட்டி வைக்கச் சொல்லிக் கேட்டார் எண்டு வையுங்கோ. அப்ப அவரை எதிர்த்து நிக்க ஒராள் வேணும். அந்த ஆள் நீங்களா இருந்தால் என்ன? நான் இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லேல்லை. உங்கட தொகுதியில எந்தக் கிளை இயங்குது, எந்த வீட்டில ஆர் கோவிச்சுக்கொண்டு மற்றக் கட்சிக்குப் போனவை எண்டு அவருக்கு ஒரு வருசம் திரிஞ்சாலும் தெரியாது, உங்களுக்கு இப்பவே தெரியும். தோத்தாலும் பொதுச்சபையில உங்களுக்கு எத்தினை வாக்கு எண்டு எல்லாருக்கும் தெரிய வரும், அதுக்குப் பிறகு வேட்பாளர் பட்டியல் எழுதேக்க உங்கட பேரைத் தாண்டிப் போறது கஷ்டம்.

முதல்ல பொதுச்சபைப் பட்டியல்ல உங்கட பேர் இருக்கோ எண்டு செயலாளரிட்டைக் கேளுங்கோ, வாயால கேக்காதீங்கோ, கடிதமா எழுதிக் குடுத்து ஒரு கொப்பியை வைச்சுக்கொள்ளுங்கோ. 19 வருசம் வேலை செய்தும் உங்கட பேர் அதில இல்லையெண்டா எனக்கு உடன எழுதுங்கோ, அடுத்த இதழில முதல் கேள்வியா அதைத்தான் போடுவன்.